இருபத்தைந்து சதம்

1953 ஜூலையில் இலங்கை அரசு, கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. ரயில், தபால் கட்டணங்களும் ஏறின. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தனவிடம் இதற்கெல்லாம் கணக்கு இருந்தது. கொரியப் போரின்போது உச்சத்துக்குப் போன ரப்பர் விலை சரிந்துவிட்டது. அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. உணவு மானியத்தைக் குறைக்குமாறு உலக வங்கிக் குழுவும் ஆலோசனை கூறியிருந்தது. கணக்கில் பெரிய பிழை இல்லை. மக்கள் அந்த விலையை எப்படிப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் அதில் இடம்பெறவில்லை.

அரிசிப் பங்கீடு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்தது. அதை மக்களிடம் கொண்டுசேர்க்கவே ஊர்தோறும் கூட்டுறவுக் கடைகள் பெருகின. 1952 தேர்தலில் 25 சத அரிசி ஆளுங்கட்சியின் வாக்குறுதியாகவும் ஆயிற்று. அதன்பின் அது வெறும் விலையன்று, கொடுத்த வாக்கு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தானியக் கலகங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன், கூட்டம் பல இடங்களில் தானியத்தைக் கொள்ளையிடாமல், தான் நியாயமெனக் கருதிய விலைக்கு விற்று, பணத்தை உரியவரிடமே கொடுத்ததை எடுத்துக்காட்டினார். இதை அவர் 'அறம்சார் பொருளாதாரம்' என்று 1971இல் விளக்கினார். இலங்கையில் நடந்ததற்கும் இப்பெயர் பொருந்தும்.

ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. தென்மேற்குக் கரையோரத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சாலைகளில் மரங்கள் வீழ்த்தப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அடுத்து வந்த கொத்தலாவல அரசு விலையை 55 சதமாக இறக்கியது.

வென்றது மக்கள்தான். ஆனால் அழைப்பு ஒரு நாளுக்கே. மறுநாளுக்கான திட்டம் தலைவர்களிடம் இல்லை. மாற்று வழி குறித்த துணிவான ஒரு பரிசோதனையைச் செய்திருந்ததோ, விலையை ஏற்றிய அதே வலதுசாரி அரசு. 1952 டிசம்பரில் அது மாவோவின் சீனத்துடன் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துச் சீனா ரப்பரை வாங்கியது. பதிலுக்கு அரிசி வந்தது. நெருக்கடி முற்றினால் முதலாளியக் கட்சியும் சந்தையை ஒதுக்கிவைக்கும் என்பதற்கு இது சான்று.

மறுபக்கமும் உண்டு. 1953 போராட்டத்தை முன்னின்று நடத்திய சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா 1970இல் நிதியமைச்சரானார். 1973இல் உலகச் சந்தையில் உணவு விலை எகிறியபோது, பங்கீட்டைக் குறைக்கவும் விலைகளை ஏற்றவும் வேண்டிய நிலை அவரது அரசுக்கும் நேர்ந்தது. கடை வாசல்களில் வரிசைகள் நீண்டன. 1977இல் ஜெயவர்த்தன பெருவெற்றியுடன் திரும்பிவந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். 1979இல் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, பணவீக்கம் அதன் மதிப்பைத் தின்றுகொண்டே போனது. 1953இல் சட்டென ஏற்ற முடியாத விலையை, இம்முறை எவரும் தெருவுக்கு வராமலே ஏற்ற முடிந்தது.

2022 செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. அதற்கு முன்பே, ஜூலையில், ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடியிருந்தார். ஆட்சியாளரை இறக்க இலங்கை மக்களுக்கு இருமுறை தெரிந்திருக்கிறது. இறக்குமதி அரிசிக்கான செலாவணியை எங்கிருந்து ஈட்டுவது, அது குறையும் காலத்தில் சுமையை யார் சுமப்பது என்பதை அவர்களோடு பேசித் தீர்மானிக்கும் ஏற்பாடு மட்டும் அமையவில்லை. முதலாளியத்துக்கு மாற்று என்று எதைச் சொன்னாலும், அது முதலில் விடைசொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.