ஒரு துளை வந்த வழி

வருடக் கடைசியில் கண்டியில் எந்த வீட்டிலும் பாதி எழுதின கொப்பிகள் மிஞ்சும். அவற்றின் வெற்றுத் தாள்களைக் கிழித்தெடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பானியப் புத்தகக் கட்டு சொல்லிக்கொடுப்பேன். பெயர் யோத்ஸுமே தோஜி. நாலு துளை, ஓர் ஊசி, முதுகின் நீளத்தைப்போல நாலைந்து மடங்கு நூல். பசை வேண்டாம். ஊசி இரண்டாம் துளையில், தாள்களின் நடுவிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு துளையிலும் முதுகைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். முடிச்சு உள்ளே ஒளிந்துகொள்ளும். "ரொம்ப இறுக்காத, தாள் கிழிஞ்சிரும்" என்பதைத்தான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும்.

ஏட்டில் துளை போடுவது இந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல. பேராதனைப் பூங்காவில் தாளிப்பனை நிற்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு தரம் பூத்துவிட்டுச் சாகிற மரம். அதன் விரியாத குருத்தை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி, கரியும் பிசின் எண்ணெயும் தேய்த்தால் எழுத்து கறுத்து எழும்பும். பௌத்தர்களின் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் ஏறியது மாத்தளைக்கு அருகே அளுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் என்பது மரபு. அங்கிருந்த சுவடிகள் 1848 கிளர்ச்சியில் அழிந்தன. ஓலையில் எழுதிக் காட்டுவதை அங்கே இன்றும் பார்க்கலாம்.

அந்த ஏடுகளில் துளை ஓரத்தில் இராது. விளிம்பிலிருந்து தள்ளி, உள்ளே இரண்டு; அவற்றில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரப்பலகை வைத்துச் சுற்றிக் கட்டுவார்கள்.

ஏடுகள் கடலும் தாண்டின. சீனத் துறவி பாகியான் அநுராதபுரத்தில் இரண்டு வருடம் தங்கி, சமஸ்கிருத நூல்களைச் சேர்த்துக்கொண்டு கப்பலேறினார். பெரும்பாலும் ஓலைகளாகவே இருந்திருக்கும். புயலில் கப்பல் ஒழுகியபோது தம் குடத்தையும் கைகழுவும் பாத்திரத்தையும் தாமே கடலில் எறிந்தார். வணிகர்கள் நூல்களை எறிந்துவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம். 412இல் சீனக் கரை சேர்ந்தார்.

சீனத்தின் துன்ஹுவாங் குகையில், காகிதத்தையே ஓலை வடிவில் நறுக்கித் துளையிட்ட ஏடுகள் கிடைத்திருக்கின்றன. காகிதத்துக்கு அந்த வடிவம் தேவையே இல்லை. பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். அங்கிருந்து ஜப்பானியக் கட்டுக்கு நேர்கோடு போட மாட்டேன். மடித்தும் ஒட்டியும் பல கட்டுகளைப் பார்த்த பிறகே, மிங் காலச் சீனத்தில் ஓரத் தையல் பரவியது. பிறகு எடோ கால ஜப்பானில் அதுவே வழக்கமான கட்டாயிற்று.

ஓலைக்குத் துளை ஏன் உள்ளே போயிற்று என்று பிள்ளைகள் கேட்டால் காய்ந்த தென்னோலைத் துண்டைக் கொடுத்து, கொப்பிக்குப் போட்டதுபோலவே நீள விளிம்பில் நாலு துளை போடச் சொல்வேன். மூன்றாவது துளைக்குள் நார் வழியே சர்ரென்று பிளந்துவிடும். அடுத்த துண்டில் யாரும் சொல்லாமலே ஊசி நடுவுக்குப் போகும்.