விடைத்தாளில் தலைவர்கள்: நெய்யாற்றின்கரை எல்லையிலிருந்து ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் பிறந்த இருவரை ஒரே தேர்வுக் கட்டுரைக்குள் அருகருகே உட்காரவைப்பது எளிதல்ல. ஒருவர் 1863-இல் வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி. மற்றவர் 1878-இல் பிறந்த ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை. முன்னவர் புலையர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கப் போராடியவர். பின்னவர் திருவிதாங்கூர் திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைத் தம் ஏட்டில் விடாமல் சாடியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று நாடுகடத்தப்பட்டவர். வக்கம் அப்துல் காதர் மௌலவிக்குச் சொந்தமான, அந்த ஏட்டின் அச்சகமும் அப்போது பறிமுதலானது. இன்று திருவனந்தபுரத்தில் இருவருக்கும் சிலை இருக்கிறது. கேரளப் பாடநூல்களில் இருவருக்கும் இடம் இருக்கிறது.

அதே 1910-இல், நாடுகடத்தப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ராமகிருஷ்ண பிள்ளை ஒரு தலையங்கம் எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கும் யோசனைக்கு எதிரானது அது. தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர்களின் பிள்ளைகளையும் நிலத்தை உழுதவர்களின் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்குச் சமம் என்பது அதன் சாரம். இதை எழுதிய அதே கைதான் 1912-இல் காரல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதியது.

தேர்வறையில் இந்த மோதல் நடப்பதே இல்லை. ‘பத்திரிகைச் சுதந்திரம்’ என்று தலைப்பு வந்தால் ராமகிருஷ்ண பிள்ளை வருவார். ‘சமூக நீதி’ என்று வந்தால் அய்யங்காளி வருவார். இருவரும் ஒரே வட்டத்துக்காரர்கள், ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள், ஒரே கேள்வியில் எதிரெதிரே நின்றவர்கள் என்பது விடைத்தாளுக்குள் நுழைவதில்லை. தலைவர் அங்கே சான்றாக வருவதில்லை. கட்டுரைக்குப் போடும் பொன்னாடையாக வருகிறார். சான்று என்று ஒன்றைச் சொன்னால், அது எழுதுபவருக்கு எதிராகவும் பேசக்கூடியதாக இருக்கவேண்டும். அந்த வாய்ப்பை முழுக்க அடைத்துவிட்டு எழுதப்படும் எடுத்துக்காட்டு எதையும் நிறுவுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எடுத்துக்காட்டை இப்படிச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் அளவை நெறியை விளக்கும்போது, திட்டாந்தத்தை, அதாவது எடுத்துக்காட்டை, இரண்டாகப் பிரிக்கிறார். கருத்தோடு ஒத்து நிற்பது சாதன்மிய திட்டாந்தம். கருத்து இல்லாத இடத்தில் அதற்கான ஏதுவும் (காரணமும்) இல்லை என்று எதிர்நிலையிலிருந்து காட்டுவது வைதன்மிய திட்டாந்தம். அதோடு நிற்காமல், பழுதுபட்ட எடுத்துக்காட்டுகளைப் போலிகள் என்று பெயரிட்டு, வகைக்கு ஐந்தாக அடுக்குகிறது அந்தக் காதை. தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார். மறுநாள் பொதுக் கட்டுரை எழுதும்போது அதே பட்டியல் அவருக்கு நினைவுக்கு வருவதில்லை. வகுப்பில் இரண்டையும் யாரும் இணைத்துக் காட்டியதில்லை என்பதால், குற்றம் முழுவதும் அவருடையது என்று சொல்லவும் முடியாது.

பள்ளிக்கூடம் கற்றுத்தரும் கட்டுரை வடிவம் எல்லாரும் அறிந்தது. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புச் சட்டகத்தைக் கேள்வித்தாளே கொடுத்துவிடும். ‘நான் விரும்பும் தலைவர்’ என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் காமராசரோ அப்துல் கலாமோ வருவார். கேரளப் பக்கம் ஸ்ரீ நாராயண குரு வருவார். பாறசாலை, செங்கல், காரக்கோணம் பகுதிகளின் தமிழ் வீடுகளில் இரண்டு பட்டியலும் புழக்கத்தில் இருக்கின்றன. கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ கல்லூரி போனால் மறுபக்கப் பட்டியல் காத்திருக்கும்.

உயர்நிலைத் தேர்வுகளில் தலைவர்களை எடுத்துக்காட்டுவது அதிகாரபூர்வமான பாடமாகவே ஆகிவிட்டது. இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் நடைமுறையில் இருக்கும் அறநெறித் தாளின் பாடத்திட்டம், பெருந்தலைவர்கள், சீர்திருத்தவாதிகள், நிர்வாகிகள் ஆகியோரின் வாழ்க்கையிலிருந்தும் போதனைகளிலிருந்தும் கிடைக்கும் பாடங்களை வெளிப்படையாகவே கேட்கிறது. அந்தத் தாளுக்கு 250 மதிப்பெண். தனியாக இருக்கும் கட்டுரைத் தாளுக்கும் 250. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கொள்குறி வினாக்களிலோ மறுமலர்ச்சித் தலைவர்கள் ஒரு தனிப் பகுதியாகவே குடியேறியிருக்கிறார்கள். அய்யங்காளி வில்லுவண்டியில் பயணம் செய்த ஆண்டு எது? 1893. சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கிய ஆண்டு? 1907. கட்டத்தை நிரப்பினால் வேலை முடிந்தது.

ஆண்டைத் தெரிந்துவைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் எல்லா நிகழ்வும் கட்டத்துக்குள் அடங்காது. ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அய்யங்காளி அழைத்துச்சென்றதும், அதை எதிர்த்தவர்கள் பள்ளிக்குத் தீ வைத்ததும் நடந்த ஆண்டை ஒரு நூல் 1910 என்கிறது, இன்னொன்று 1914 என்கிறது. அவர் நடத்திய விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் காலமும் நூலுக்கு நூல் மாறுகிறது. கொள்குறித் தேர்வுக்கு இது தொல்லை. கட்டுரைத் தேர்வுக்கோ இது வரம்: ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறு ஆவணங்களில் எவ்வளவு மங்கலாகப் பதிவாகியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. நாடுகடத்தல் உத்தரவுக்கு நாள் வரை தெரிகிறது; ஒரு பள்ளிக்கூடம் எரிந்த ஆண்டு தெரியவில்லை.

அந்தத் தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்றை ஊரூட்டம்பலம் பள்ளி இன்றும் பாதுகாத்துவருகிறது. 2022-இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சேர்த்துச் சூட்டியது. ‘கல்வியே விடுதலை’ என்று தலைப்புக் கொடுத்தால் பத்தில் ஒன்பது விடைத்தாள்களில், ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காக அயராது பாடுபட்ட மாமனிதர் அய்யங்காளி என்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியத்தில் அய்யங்காளி என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பெயரையும் போடலாம். போட முடிகிறது என்பதே அது சான்றல்ல என்பதற்கு அடையாளம்.

நிகழ்வுக்குள் இறங்கினால் நிலைமை தலைகீழாகிறது. அய்யங்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிச் சேர்க்கைக்கு அரசின் ஆணை கிடைத்தும் ஊர் விடவில்லை. அப்போது அவர் கையில் இருந்த ஆயுதம் வயலில் இறங்கமாட்டோம் என்ற மறுப்பு. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் இல்லாமல் நிலம் கிடந்தபோதுதான் நிலவுடைமையாளர்கள் பேச்சுக்கு வந்தார்கள். அப்படியானால், கல்வி இங்கே பலத்தைத் தரவில்லை. உழைப்பை நிறுத்திய பலம்தான் கல்வியைக் கேட்டு வாங்கியது. ‘கல்வியே விடுதலை’ என்ற தலைப்புக்கு அய்யங்காளி துணைநிற்கிறாரா, மறுக்கிறாரா? பாதி துணை, பாதி மறுப்பு. 1937-இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம், தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்கவேண்டும் என்று அவர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டால், தேர்வுச் சான்றிதழை இலக்காகக் கொண்ட, தேர்வே எழுதாத ஒரு தலைவர் கிடைக்கிறார். நாலு வரியில் இதை எழுதிவிடலாம். அந்த நாலு வரி, தலைப்பை ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று எழுதுபவரைத் தீர்மானிக்கவைக்கும்.

அருவிப்புறத்துக்கும் இதே கணக்குத்தான். 1888 சிவராத்திரியன்று நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை ஸ்ரீ நாராயண குரு சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிரதிஷ்டை செய்ய அவருக்கு உரிமை உண்டா என்று கேட்டவர்களுக்கு, தாம் வைத்தது ‘ஈழவச் சிவன்’ என்று அவர் சொன்னதாக வழங்கும் பதிலை எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றி உருவான சிறு சங்கம் 1903-இல் குமாரன் ஆசானைச் செயலாளராகக் கொண்ட ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்ததைச் சிலர் எழுதுகிறார்கள். அந்த யோகத்தில் சாதி அபிமானம் ஏறிவிட்டது என்று வருந்தி, தாம் அதிலிருந்து விலகிவிட்டதாக 1916-இல் யோகத்தின் முன்னோடியான டாக்டர் பல்புவுக்குக் குரு எழுதிய கடிதத்தை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. ‘தலைமை’ பற்றிய கட்டுரைக்கு இந்த மூன்றாவது செய்தியே பெறுமானம் மிக்கது. தாம் கட்டிய அமைப்பு தம் கொள்கையைத் தின்னத் தொடங்கும்போது தலைவர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி அதில் இருக்கிறது. (குருவின் தமிழ்ப் பதிகங்களும், இளமையில் அவர் தவமிருந்த மருந்துவாழ்மலையும் தமிழ்நாட்டு மாணவர் விடைத்தாளில் வராதது தனிக் குறை.)

எல்லை என்பது இங்கே வெறும் இடப்பெயர் அல்ல. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆகவே அந்தத் தேதிக்குப் பாறசாலைப் பள்ளியில் எழுதப்படுவது கேரளப் பிறவிக் கட்டுரை. சில கிலோமீட்டர் தள்ளிக் களியக்காவிளையில் எழுதப்படுவது அந்த இணைப்புக்குப் போராடிய மார்ஷல் நேசமணி பற்றிய கட்டுரை. முதல் கட்டுரையில் பட்டம் தாணு பிள்ளை திருவிதாங்கூரின் பொறுப்பாட்சிக்காகச் சிறை சென்ற முன்னோடி. இரண்டாவதில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது முதலமைச்சராக இருந்தவர் அவர். இரண்டும் உண்மை.

இந்த இரண்டு உண்மையையும் ஒரே பத்தியில் சேர்க்கும் ஒருவர் வரலாற்றிலேயே இருக்கிறார்: ராம் மனோகர் லோகியா. பட்டம் தாணு பிள்ளையின் அமைச்சரவை பிரஜா சோஷலிஸ்ட் கட்சியுடையது; லோகியா அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர். துப்பாக்கிச் சூட்டுச் செய்தி கேட்டதும், உத்தரப்பிரதேசச் சிறையில் இருந்தபடியே, தம் கட்சி அரசு பதவி விலகவேண்டும் என்று அவர் கோரினார். அமைச்சரவை விலகவில்லை. அந்தப் பிணக்கு வளர்ந்து 1955-இல் கட்சியே பிளந்தது. அறநெறித் தாளுக்குப் படிப்பவர் ‘கொள்கையா, அதிகாரமா’ என்ற கேள்விக்கு ஆபிரகாம் லிங்கனைத் தேடிப் போகவேண்டிய அவசியம் என்ன? குழித்துறை ஆற்றங்கரையிலேயே கதை கிடக்கிறது. இதில் வென்றவர் என்று யாரும் இல்லை என்பதால்தான் தேர்வு வழிகாட்டி நூல்கள் இதைத் தொடுவதில்லை போலும்.

காமராசரும் இந்தச் சோதனைக்குத் தப்பமாட்டார். கல்வி என்றால் அவர் பெயர் இயல்பாக வருகிறது, வரட்டும். மொழிவழி மாநிலம் என்றால், தமிழ்நாடு கேட்ட தேவிகுளமும் பீருமேடும் கைவிட்டுப்போனதற்காக அவர்மீது இன்றுவரை நீடிக்கும் விமர்சனமும் கூடவே வரவேண்டும். நேசமணி 1968-இல் மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் அவருடைய நாகர்கோவில் தொகுதி மக்கள் காமராசரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்பதும் கூடவே வரவேண்டும். தலைவரை மன்னிப்பதா தண்டிப்பதா என்பதை வாக்காளர்கள் மாணவர்களைவிட நுட்பமாகக் கையாண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. திருத்துபவருக்கு ஒரு தாளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். சிக்கலான எடுத்துக்காட்டைக் கண்டால் அவர் குழம்பலாம். தலைவரை இழிவுபடுத்திவிட்டான் என்று மதிப்பெண்ணைக் குறைக்கவும் செய்யலாம். தெரிந்த பெயரும் வழுவழுப்பான வாக்கியமும் பாதுகாப்பு. இந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வில் 2005-இல் சேர்க்கப்பட்ட 25 நிமிடக் கட்டுரையை ஆராய்ந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், நீளமான கட்டுரைக்கே மதிப்பெண் ஏறுவதைக் காட்டினார். தகவல் பிழைக்கு மதிப்பெண் குறைக்கவேண்டாம் என்பது அப்போது திருத்துவோருக்கு இருந்த விதி. எந்தத் தலைவரை எந்த நூற்றாண்டில் வைத்தாலும் பரவாயில்லை என்றால், பயிற்சி நிலையங்கள் தலைவர்களைத் தயார்நிலையில் விற்கத்தானே செய்யும்? 2016-இல் அந்தக் கட்டுரை, கொடுத்த உரைப்பகுதியை அலசுவதாக மாற்றப்பட்டது. 2021-இல் பொதுத் தேர்விலிருந்தே விலக்கப்பட்டது.

மாணவர் பயப்படுவது நியாயம்தான். ஆகவே மாற்றம் தொடங்கவேண்டிய இடம் கேள்வித்தாள். தேர்வு எதைக் கேட்கிறதோ அதுதான் வகுப்பில் உயிரோடிருக்கும். 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்ற பகுதியிலிருந்து 2017 தேர்வில் கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. பக்கங்களைக் கிழிக்கத் தேவையே இருக்கவில்லை. கேள்வி வராது என்றதும் பாடம் வகுப்பிலிருந்து தானே நழுவிவிடும். 1859-இல் அரசாணை பெற்ற போராட்டத்துக்கு நேர்ந்தது இது. சில ஆண்டுகளில் நூலிலிருந்தும் அது போயிற்று.

கேள்வி கேட்காமல் ஒரு வரலாற்றை அகற்ற முடியுமானால், கேள்வி கேட்டு ஒன்றை உள்ளே கொண்டுவரவும் முடியும். ‘நான் விரும்பும் தலைவர்’ என்ற தலைப்பைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதன் கீழே வரும் குறிப்புச் சட்டகத்தில் பிறப்பும் இளமையும், தொண்டுகள், விருதுகள் என்று இருக்கும் வரிகளில் ஒன்றை நீக்கிவிட்டு, ‘அவர் எடுத்த முடிவுகளில் நீ ஏற்காத ஒன்று, ஏற்காததற்குக் காரணம்’ என்று சேர்த்தால் போதும். திருத்துவோருக்கான விடைக்குறிப்பில், இடமும் காலமும் சொல்லி ஒரு முடிவை விளக்கினால் இத்தனை, அதற்கு எதிரான கருத்தை எடைபோட்டால் இத்தனை என்று பிரித்து எழுதலாம். கேரளக் கல்வித்துறையின் தமிழ்வழித் தாளுக்கும் தமிழ்நாட்டின் மொழித்தாளுக்கும் இந்த ஒரு வரி பொருந்தும். பாறசாலையின் வகுப்பு ஒன்றில் ராமகிருஷ்ண பிள்ளையின் தலையங்கத்தைப் பற்றியும், களியக்காவிளையின் வகுப்பு ஒன்றில் நெய்யாற்றின்கரை 1956 இணைப்பில் விடுபட்டதைப் பற்றியும் ஆசிரியர்கள் பேசவேண்டியிருக்கும்.