மேட்டர்ஹார்னும் கொஞ்சம் ஜல்லியும்

பனிமலைச் செடியைக் கீழே கொண்டுவந்து நட்டா எதனால் சாகும்னு கேட்டா, முக்கால்வாசிப் பேர் வெயில்னுதான் சொல்வாங்க. இங்கிலாந்துல வில்லன் வேற. குளிர்கால ஈரம்!

எரிட்ரிகியம் நானம்னு ஒரு குட்டிச் செடி. பேரைச் சொல்றதுக்குள்ள நாக்கு சுளுக்கிடும் :-) தோட்டக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஆல்ப்ஸின் ராஜா'. ஆல்ப்ஸில் சுமார் 2,500 மீட்டருக்கு மேலே, பாறை இடுக்கில் மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். பூ பளீர் நீலம். மலையில் குளிர்காலம்னா எல்லாம் உறைஞ்சு கிடக்கும், செடியும் தூங்கும். இங்கிலாந்திலோ நசநசன்னு மழை. இலையிலிருக்கும் பட்டு ரோமம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். செடி அழுகிடும்.

இது புரியாம பலபேர் மலையோட தோற்றத்தைத்தான் காப்பியடிச்சாங்க. உச்சகட்டம் சர் ஃப்ராங்க் கிரிஸ்ப். ஹென்லியில் ஃப்ரையர் பார்க்னு பெரிய மாளிகை (1970-ல் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் வாங்கினாரே, அதேதான்). அந்தத் தோட்டத்தில் 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் சிகரத்துக்கு ஒரு மினியேச்சரே கட்டிட்டார் மனுஷர்.

யார்க்‌ஷயர்க்காரர் ரெஜினால்ட் ஃபாரருக்கு (பிறப்பு 1880) இதெல்லாம் பிடிக்கலை. கல் அலங்காரத்துக்கில்லை, தண்ணி வடியறதுக்குன்னு அடிச்சுச் சொன்னார். பனிப்பாறை நகரும்போது தள்ளிக்கொண்டு வரும் கல்குவியலுக்கு மொரைன்னு பேர். அதே மாதிரி தோட்டத்திலும் நிறைய ஜல்லி, கொஞ்சமே கொஞ்சம் மண். வேர் ஈரத்தைத் தேடி ஆழமாப் போகும், செடியின் கழுத்து காய்ஞ்சே இருக்கும். சிம்பிள் இன்ஜினியரிங்!

1914-ல் நண்பர் பௌல்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதினவர், பணக்காரர்களின் பொம்மை மலைகளைப் பேர் சொல்லாம கிழிச்சார். கிரிஸ்ப்புக்கு யாரைச் சொல்றாங்கன்னு புரியாதா? பதிலடியா ஒரு சிறு பிரசுரமே அச்சடிச்சார். பிரபல தோட்டக்காரி எலன் வில்மாட் அதைச் செல்சி மலர்க் கண்காட்சியில் வினியோகிச்சாங்க. பாவம் பௌல்ஸ், நடுவில் மாட்டிக்கிட்டார். வம்பை இழுத்த ஃபாரரோ சீனாவின் கான்சு மலைகளில் விதை சேகரிக்கப் போயாச்சு!

கிரிஸ்ப்பை ஒரேயடியா நக்கலடிக்கவும் முடியாது. அவர் தோட்டத்தில் ஆல்பைன் செடிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனா அடுத்து வந்தவங்க எடுத்துக்கிட்டது சிகரத்தை இல்லை, ஜல்லியை. ஃபாரரின் 'தி இங்கிலிஷ் ராக் கார்டன்' 1919-ல் ரெண்டு பாகமா வந்தது. மறுவருஷமே மேல் பர்மா மலைகளில் இறந்துட்டார். வயசு 40தான்.

ஜல்லிக்கும் நம்ம ராஜா முழுசா மசியலை. இன்னிக்கும் வளர்க்கக் கஷ்டமான செடின்னுதான் பேர். மழை படாம கண்ணாடி மூடி, காத்து மட்டும் விடணும். 2006-ல் லண்டன் கியூ தோட்டத்தில் திறந்த ஆல்பைன் ஹவுஸ் இந்தக் கணக்குதான். கரையான் புற்றில் ஓடுற மாதிரி, தரைக்கடியில் காத்தைக் குளிர வெச்சு மேலே அனுப்புது. பார்க்க மலை மாதிரி துளிகூட இருக்காது. உள்ளே இருக்கிற செடிக்கு அது மலைதான்.