கொச்சிப் பண்டகசாலைகளின் மறுவாழ்வு

இடப்பள்ளியில் குடியேறிய நம்மவர் மட்டாஞ்சேரிக்குச் செல்வது பெரும்பாலும் மளிகை வாங்கவே. அங்குள்ள பழம் பண்டகசாலைகளை நின்று நோக்குவார் சிலரே. யவனர் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறு கூறும். 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தால் முசிறி தூர்ந்து கொச்சித் துறை திறந்தது என்பர். மிளகும் உடன் இடம்பெயர்ந்தது.

1867இல் ஜான் ஆஸ்பின்வால் என்னும் ஆங்கிலேயர் கோட்டைக் கொச்சியின் நீர்க்கரையில் வணிக நிலையம் ஒன்றை நிறுவினார். தேங்காயெண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள் யாவும் அங்கிருந்து கப்பலேறின. கிடங்கும் அலுவலகமும் உறைவிடமும் ஒரே வளாகத்தில் இருந்தன என்பது கருதத்தக்கது. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோவின் உழைப்பால் வில்லிங்டன் தீவும் புதுத் துறைமுகமும் எழுந்தன. பழங்கரையின் ஆரவாரம் நாளடைவில் அடங்கிற்று. பூட்டிக் கிடந்த ஆஸ்பின்வால் மனை, 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி–முசிறிக் கலைவிழாவிற்காக மீண்டும் திறந்தது.

இத்தகைய கிடங்குகளை இடித்துப் புதிய அலுவலகம் எழுப்புக என்பார் உளர். இடியாமலே அலுவலகமாக்கலாம் என்பேன் யான். தடித்த சுவரும் உயர்ந்த ஓட்டுக்கூரையும் வெயிலைத் தடுக்கும். முற்றம் காற்றை வழங்கும். கண்ணாடி மாளிகையோ குளிர்சாதனமின்றி ஒரு நாழிகையும் தாங்காது. பழுது பார்க்கையில் சிமெண்டு பூசலாகாது. உவர்நீரின் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே அரிக்கும். சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது.

ஒரு குறை உண்டு. மூட்டை சுமந்தோரின் மக்களுக்கு அவ்வலுவலகத்தில் ஒரு நாற்காலியேனும் கிட்டுமா என்பதை வரைபடம் தீட்டுமுன்னரே உரிமையாளரிடம் கேட்டாக வேண்டும்.