தாது வருஷத்துப் படங்கள்

புகைப்படம் பழகுகிறவர்களிடம் பிடித்த கலைஞர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ரகு ராய் என்பார்கள், கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்பார்கள். வார இறுதிகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் மாணவன் நான். என் பட்டியலில் முதல் பெயர் லின்னேயஸ் டிரைப். இரண்டாவது பெயர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். இவரைப் பிடிக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் இவர் படங்களை மறக்கவும் முடியவில்லை. இருவருமே சென்னைப் படையின் ஆங்கிலேய அதிகாரிகள்.

டிரைப் 1856-ல் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய நெகட்டிவ் கண்ணாடியில் அல்ல, மெழுகு ஊட்டிய காகிதத்தில். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் வெளிச்சம் வேண்டும். அதற்குள் நடந்து போகிற ஆள் படத்தில் பதியவே மாட்டார். அதனால்தான் திருமலை நாயக்கர் மகாலும் புது மண்டபமும் அவர் படங்களில் ஊரே காலி செய்துவிட்டுப் போனதுபோல நிற்கின்றன. வெளுத்துப்போன வானத்துக்கு நெகட்டிவிலேயே சாயம் பூசி மேகம் வரைந்தார். அந்தக் காலத்து போட்டோஷாப்!

அவருடைய உச்சம் தஞ்சைப் பெரிய கோயில். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தானும் தன் அக்காவும் மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் சாசனம் இருப்பது அந்த விமானத்தில்தான். கொடுத்தவர் பெயர் நிற்க வேண்டும் என்று ஒரு அரசன் நினைத்தான். எண்ணூற்றைம்பது வருஷம் கழித்து ஒருவர் அந்த எழுத்துகளை அத்தனை பொறுமையாகப் படம் பிடித்தார். 1859-ல் கவர்னராக வந்த டிரெவெலியன் இந்த வேலையை ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார்.

அடுத்த இருபது வருஷத்துக்குள் தாது வருஷம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீண்ட பஞ்சம். எங்க குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த பூமி. திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. பஞ்சம் தாக்கிய ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு! சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார்.

ஹூப்பர் இந்த மக்களைத்தான் படம் எடுத்தார். இப்போது கேமராவில் கண்ணாடி நெகட்டிவ். சில நொடிகள் அசையாமல் இருந்தால் போதும், முகம் பதிந்துவிடும். அந்த மனிதர்களுக்கோ அசையவே தெம்பில்லை. வரிசையாக உட்கார வைத்திருக்கிறார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். குழந்தைகள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். ஒரு படத்தின் தலைப்பு, இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்று பொருள்படும். யார் அவர்கள், எந்த ஊர்? ஒரு பெயரும் இல்லை.

என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். டிரைப்பின் படத்தில் மனிதர்கள் இல்லை, கல்லில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஹூப்பரின் படத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள், பெயர் இல்லை. அந்த வரிசையில் எங்கள் தாலுகாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் நமக்குத் தெரியப் போவதில்லை. ஹூப்பர் எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். படம் இல்லையென்றால் அந்த 450 கிராம் நமக்கு வெறும் கணக்காகவே இருந்திருக்கும். ஆனால் எடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதா?

சாஃப்ட்வேர்காரனாக ஒன்று சொல்கிறேன். இன்றைய கேமரா ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம், ஷட்டர் வேகம், லென்ஸ் விவரம் எல்லாவற்றையும் தானாகவே எழுதி வைக்கும். செல்போன் என்றால் இடத்தையும் சேர்த்துக்கொள்ளும். குறிப்பு எழுத ஒரு கட்டமும் உண்டு. அதை மட்டும் எந்த லென்ஸாலும் நிரப்ப முடியாது. எதிரில் நிற்பவரிடம் "உங்க பேரு என்னங்க?" என்று நாம்தான் கேட்டு எழுத வேண்டும்.