கென்னடி விமான நிலையமும் கடற்காகங்களும்

நியூயார்க் நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் ஜமைக்கா விரிகுடா இருக்கிறது. உப்புச் சதுப்பும் சின்னச் சின்னத் தீவுகளும் நிறைந்த இடம். அட்லாண்டிக் கரையோரமாக வலசை போகும் பறவைகளுக்கு இது ஒரு சத்திரம் மாதிரி. அதன் கரையிலேயேதான் கென்னடி விமான நிலையமும் இருக்கிறது. பறவையும் விமானமும் இப்படி அண்டை வீட்டுக்காரர்கள் ஆனது எப்படி?

பெரிய விமான நிலையத்துக்குப் பரந்த, சமமான, ஆள் குடியில்லாத நிலம் வேண்டும். நெரிசலான கடலோர நகரத்தில் அப்படி மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சதுப்புதான். வீடுகளை இடிக்க வேண்டாம். சத்தம் என்று சண்டைக்கு வருபவர்களும் குறைவு. 1942இல் ஐடில்வைல்டு என்ற கோல்ஃப் மைதானத்தையும் சுற்றியிருந்த சதுப்பையும் மணல் கொட்டி மேடாக்கத் தொடங்கினார்கள். 1948இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1963இல் அதற்குக் கென்னடியின் பெயர் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய அதே காலத்தில் நகர நிர்வாகமே பக்கத்தில் ஒரு பறவைச் சரணாலயத்தையும் உருவாக்கியது! 1950இல் விரிகுடாவைக் கடக்கும் ரயில் பாலம் தீப்பிடித்தது. பாதையைச் சீரமைக்க மணல் தேவைப்பட்டது. பூங்காத் துறையின் தலைவராக இருந்த ராபர்ட் மோசஸ், மணல் எடுக்க வேண்டுமானால் இரண்டு நன்னீர்க் குளங்கள் அமைத்துத் தர வேண்டும் என்றார். குளங்கள் வந்தன, பறவைகளும் வந்தன.

இதில் உள்ள ஆபத்தை முதலில் உரக்கச் சொன்னது பாஸ்டன் நகரம். 1960 அக்டோபர் 4 அன்று, துறைமுகத்தை ஒட்டிய லோகன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்தில் மாட்டியது. எஞ்சின்கள் பறவைகளை விழுங்க, விமானம் தண்ணீரில் விழுந்து 62 பேர் இறந்தார்கள்.

கென்னடியின் முறை 1975 நவம்பரில் வந்தது. ஓடுபாதையில் வேகமெடுத்த ஒரு டிசி-10 விமானத்தின் எஞ்சினுக்குள் கடற்காகங்கள் புகுந்தன. எஞ்சின் சிதறித் தீப்பிடித்தது. விமானம் எரிந்து போனது. உள்ளே இருந்த 139 பேரும் உயிர் தப்பினார்கள். பயணிகள் எல்லோரும் விமான நிறுவன ஊழியர்கள் என்பதால், எப்படி வெளியேறுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாதாரணப் பயணிகளாக இருந்திருந்தால்? அப்போது விரிகுடாவின் கரையில் பெரிய குப்பைக் கிடங்குகளும் இருந்தன. கடற்காகங்களுக்கு அவை தினசரி விருந்து.

சத்தப் பிரச்சினையும் ஓயவில்லை. ஆளில்லாத சதுப்பு என்று வந்த இடத்தைச் சுற்றிலும் குடியிருப்புகள் நெருங்கின. ஓடுபாதைகளை விரிகுடாவுக்குள் நீட்டும் திட்டத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம், 1971இல் அது விரிகுடாவைக் கெடுக்கும் என்றது. திட்டம் கைவிடப்பட்டது. 1977இல் கான்கார்டு விமானத்தின் இரைச்சலை எதிர்த்து அக்கம்பக்கத்து மக்கள் கார்களில் வந்து போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நவம்பரில் கான்கார்டு வந்தே விட்டது.

மனிதர்கள் வழக்குப் போடலாம். பறவைகள்? 1979இல், சிரிப்பது போலக் கூவும் ஒரு வகைக் கடற்காகம் ஓடுபாதைக்குப் பக்கத்துத் தீவில் கூடு கட்ட ஆரம்பித்தது. 1990க்குள் 7,000க்கும் மேல் கூடுகள் ஆகிவிட்டன. 1991இல் சுடத் தொடங்கினார்கள். முதல் இரண்டு ஆண்டுகளிலேயே 25,000க்கும் அதிகமான கடற்காகங்கள் கொல்லப்பட்டன. மோதல்கள் வெகுவாகக் குறைந்தது உண்மை. பறவை ஆர்வலர்களின் கோபமும் உண்மை. குப்பைக் கிடங்குகளை மூடுவது, தேங்கும் தண்ணீரை அகற்றுவது, வல்லூறுகளைப் பறக்கவிட்டு விரட்டுவது என்று வேறு வழிகளும் முயலப்பட்டன.

துப்பாக்கிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 2009 ஜனவரி காட்டியது. அதே நகரத்தின் லாகார்டியா நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் கனடா வாத்துகளில் மோதி ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். எஞ்சினில் கிடைத்த இறகுகளை ஆராய்ந்தபோது, அவை உள்ளூர் வாத்துகள் அல்ல, வடக்கிலிருந்து வலசை வந்தவை என்று தெரிந்தது. உள்ளூர்ப் பறவையைச் சுட்டுத் தீர்த்தாலும் வானத்தில் வரும் விருந்தாளியை யார் தடுப்பது?

ஆளில்லாத இடம் என்று 1942இல் வரைபடத்தில் தெரிந்த சதுப்பு, உண்மையில் காலியாக இல்லை. அங்கே முன்பே குடியிருந்தவர்களைக் கணக்கில் சேர்க்காத தவறுக்கு, விமானம், மனிதர், பறவை மூவரும் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.