காரத்தன்மை உணவும் கல்சியம் குளிசையும்: சேர்த்து எடுப்பவர்கள் அறியவேண்டியவை

அளவெட்டியில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டிக்கொள்ளும். வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் நீர் அது. அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 7க்கும் 8க்கும் இடையில், சற்றுக் காரப் பக்கமாகவே இருக்கும். அந்தப் படிவின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. மருந்துக்கடைகளில் கிடைக்கும் கல்சியம் குளிசைகள் பலவற்றில் இருப்பதும் அதே சேர்மம்தான்.

"உடம்பில் அமிலம் கூடிவிட்டது, காரத்தன்மை உணவுக்கு மாறுங்கள்" என்ற அறிவுரை இப்போது யூரியூப் வழியாகவும் வெளிநாட்டு உறவினர் வழியாகவும் வீடுகளுக்கு வருகிறது. கூடவே கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம், பச்சைத் தூள் என்று போத்தல்களும் வருகின்றன. ஆனால் தலைமுறைகளாகச் சுண்ணாம்புக்கல் நீரைக் குடித்தவர்களின் இரத்தம் மற்றவர்களுடையதைவிடக் காரமாகிவிடவில்லை. நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தின் பிஎச் அளவை 7.35க்கும் 7.45க்கும் இடையில் பிடித்து வைத்திருக்கின்றன. உணவால் மாறுவது சிறுநீரின் அளவு மட்டுமே. சோதனைத் தாள் நிறம் மாறினால், சிறுநீரகம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் பொருள்.

இந்த உணவுமுறையை உலகெங்கும் பரப்பியவர்களில் ஒருவர் அமெரிக்கரான ரொபேர்ட் யங். உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2016இல் கலிபோர்னியாவில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர். கோட்பாடு பிழை; ஆனால் சாப்பிடச் சொல்லும் பொருட்களில் பிழை அதிகமில்லை. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வாழைப்பழம், தேசிக்காய் எல்லாம் இந்தப் பட்டியலில் வருபவை. (தேசிக்காய் நாக்குக்குப் புளித்தாலும், உடலில் எரிந்தபின் காரத்தை விடுவதால் அந்தப் பக்கம் சேர்க்கிறார்கள்.) இவற்றைக் கூடுதலாகச் சாப்பிட்டு, சீனியையும் பொரியலையும் குறைப்பவருக்கு நன்மைதான். சிக்கல் குளிசைகளில் தொடங்குகிறது.

1915இல் சிகாகோ மருத்துவர் பேர்ட்ரம் சிப்பி, வயிற்றுப்புண்ணுக்குப் பாலும் காரப்பொடியும் மணிக்கணக்கு வைத்துக் கொடுக்கும் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே நோயாளிகள் சிலருக்கு வாந்தியும் மனக்குழப்பமும் சிறுநீரகப் பாதிப்பும் வந்தன. கல்சியமும் காரமும் ஒன்றாக மிகுந்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போகும். இன்று அதே கோளாறு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுக் குளிசைகளை அளவுமீறி எடுப்பவர்களிடம் காணப்படுகிறது. விற்றமின் டியும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். "காரமாக்க" என்று தினமும் அப்பச்சோடா கரைத்துக் குடிப்பவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் எல்லை 2,000. பிறசர் உள்ளவருக்கு இது சின்ன விடயமல்ல.

பொற்றாசியம் இன்னும் கவனத்துக்குரியது. லொசாட்டன், எனலாபிரில் போன்ற பிறசர் மருந்துகளை எடுப்பவர்களுக்கும், நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அது உடலில் தேங்கி இதயத் துடிப்பைக் குழப்பலாம். மருத்துவர் சொல்லாமல் பொற்றாசியம் குளிசையோ, பொற்றாசியம் சேர்ந்த "காரத் தூளோ" எடுக்கக்கூடாது.

இரும்புச்சத்தின் கதை வேறு. அது உறிஞ்சப்பட வயிற்று அமிலம் உதவவேண்டும். சோடாவோ கல்சியமோ சேர்த்து விழுங்கினால் இரும்புக் குளிசையின் பலன் குறையும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் அப்படித்தான். தேசிக்காய்ச் சாறு உதவும். கல்சியம் காபனேற்றுக்கும் அமிலம் வேண்டும் என்பதால் அதைச் சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. கல்சியம் சித்திரேற்றுக்கு அந்தத் தேவை இல்லை.

இந்த உணவுமுறையில் உண்மையிலேயே குறையக்கூடியது விற்றமின் பி12. மீன், முட்டை, இறைச்சி, பால் எல்லாம் "அமிலப் பட்டியலில்" தள்ளப்படுகின்றன. பி12 இயற்கையாகக் கிடைப்பதோ அவற்றிலிருந்துதான். சைவச் சாப்பாட்டுக்காரர் பாலையும் தயிரையும் விட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய ஆண்டுகள் எடுக்கும். பிறகு கால் விறைப்பு, மறதி, இரத்தச்சோகை. நீரிழிவுக்கு மெற்போமின் நீண்டகாலம் எடுப்பவருக்கு இது இன்னும் விரைவில் வரலாம். ஸ்பைருலினாத் தூள் இதற்கு மாற்றாகாது. அதில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலில் வேலை செய்யாத போலி வடிவம். பச்சைத் தூளுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பி12 இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் கல்சியத்துக்கும் இரும்புக்கும் அதற்கும் இடையில் 4 மணி நேரமாவது விடவேண்டும். தெல்லிப்பழை வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு வீட்டிலுள்ள போத்தல்களையும் எடுத்துச் செல்லுங்கள். "விற்றமின்தானே" என்று சொல்லாமல் விடும் போத்தலில்தான் பெரும்பாலும் பொற்றாசியமோ கல்சியமோ இருக்கும்.